கியூவில் போட்டால் பத்திரம் என்று யார் சொன்னது? – எம்பெடட் டிசைனில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் உட்காரும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு மென்பொருள் எழுதும் வேலைக்கு, புதிதாகச் சேரும் பிள்ளைகள் வரைந்து கொண்டுவரும் டிசைன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய நோட்டைத் திறந்து பார்த்தது போலவே இருக்கிறது. அதே ஏழெட்டுப் பெட்டிகள், அதே அம்புக்குறிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு டாஸ்க் (புரோகிராமில் தனியாக ஓடும் ஒரு வேலை), ஒவ்வொரு அம்பும் "டேட்டா". அந்த அம்பு வழியாகப் போவது என்ன, எப்போது போகும், போனதை எடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது. அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தாலும் வந்திருக்காது.

வாலட்டைல் போட மறப்பது, இன்டரப்டுக்குள் பிரின்ட் போடுவது, ஸ்டாக் பத்தாமல் போவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதையெல்லாம் டீபக்கரே நாலு நாளில் கற்றுக்கொடுத்துவிடும். நான் சொல்ல வருவது, முதல் வரி கோட் எழுதுவதற்கு முன்பே செய்துவிட்டு, போர்டு சைட்டுக்குப் போன பிறகு மாட்டிக்கொள்ளும் தவறுகளை.

பாடப்புத்தகம் இதை "மாடல் ஆஃப் கம்ப்யூட்டேஷன்" என்கிறது. பெயர் மிரட்டுகிற அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் புரோகிராமின் பாகங்கள் எப்போது ஓட வேண்டும், ஒன்றோடு ஒன்று எப்படிப் பேச வேண்டும், "ஒரே நேரத்தில்" என்றால் என்ன பொருள் என்ற மூன்று கேள்விக்கும் முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்வதுதான் அது. எந்த நிலையில் என்ன நடந்தால் எந்த நிலைக்குப் போவது என்று எழுதும் ஸ்டேட் மெஷின் ஒரு விதி. டேட்டா வந்து சேர்ந்ததும் அடுத்த பாகம் ஓடும் டேட்டாஃப்ளோ இன்னொன்று. பிஎல்சி (ஃபேக்டரி இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர்) போல உள்ளே வாங்கி, கணக்குப் போட்டு, வெளியே விட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. நேர முத்திரையோடு வரும் நிகழ்வுகளை வரிசைப்படி கையாள்வது நான்காவது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் த்ரெட்கள், அவை பகிர்ந்துகொள்ளும் பொது மெமரி, அதில் மோதாமல் இருக்க லாக் என்பது ஐந்தாவது.

## "நாங்கள் எந்த மாடலும் எடுக்கவில்லை"

எடுத்துவிட்டீர்கள். ஐந்தாவதை.

ஃப்ரீ ஆர்டிஓஎஸ் என்ற, டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போர்டில் ஏற்றி, ஸ்பெக்கில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு டாஸ்க் திறந்து, குளோபல் வேரியபிள் வழியாகப் பேசவிட்டால், த்ரெட் மாடலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இருப்பதிலேயே சோதிக்கக் கடினமானது அதுதான். பெர்க்லியில் எட்வர்ட் லீ நடத்திய டாலமி திட்டத்தின் கதையை இதற்காகவே பிள்ளைகளுக்குச் சொல்வேன். வெவ்வேறு கணிப்பு மாடல்களை ஆராய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அது. அதன் கெர்னலில் ஒரு பகுதியை 2000-இன் தொடக்கத்தில் எழுதினார்கள். டிசைன் ரிவியூ நடந்தது. த்ரெட் விஷயத்தில் கரை கண்டவர்களும் உட்கார்ந்து கோட் ரிவியூ செய்தார்கள். டெஸ்ட்கள் 100 சதவீதக் கோடையும் தொட்டன. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. 2004 ஏப்ரல் 26 அன்று அது டெட்லாக் ஆகி, அதாவது த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு, நின்றது. நாலு வருஷம் கழித்து! இதை லீயே 2006-இல் எழுதினார். நம் ஆபீசில் ஒரு வாரம் டெஸ்ட் பெஞ்சில் ஓடியதை வைத்து "ஸ்டேபிள் சார்" என்று சொல்லும் நாம் எந்த மூலைக்கு?

த்ரெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்டிஓஎஸ் இல்லாமல் என் வேலையும் ஓடாது. டாஸ்க்குகளுக்கு நடுவே என்ன விதி என்பதை முதலில் எழுதிவிட்டு, அதை நடத்திக்கொடுக்கும் கருவியாக மட்டும் த்ரெட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

## நிலவரத்தைக் கியூவில் போடுவது, நிகழ்வை வேரியபிளில் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வரும் தவறு இது. பணத்தைத் தின்பதும் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கோவைப் பக்கம் அபார்ட்மென்ட்டுகளுக்குப் பூஸ்டர் பம்ப் கன்ட்ரோலர் செய்யும் ஒரு இடத்தில் என்னை வந்து பார்க்கச் சொன்னார்கள். குழாயில் ஒரு பிரஷர் சென்சார், மோட்டாருக்கு முன்னால் ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்), நடுவில் இவர்கள் போர்டு. அழுத்தம் குறைந்தால் மோட்டார் வேகத்தைக் கூட்ட வேண்டும், ஏறினால் குறைக்க வேண்டும். ஃபேக்டரியில் அருமையாக வேலை செய்தது. சைட்டில் மட்டும் சில நாள் குழாய் உறுமும். ஷவரில் தண்ணீர் பாய்ந்து வரும், அப்புறம் நூலாகும், மறுபடி பாயும்.

எல்லோரும் பிஐடியின் மேல், அதாவது வேண்டிய அழுத்தத்துக்கும் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மோட்டார் வேகத்தைக் கணக்கிடும் பகுதியின் மேல், பாய்ந்தார்கள். அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுவது என்ற எண்ணான கெயினைக் குறைத்தார்கள். உறுமல் குறைந்தது, ஆனால் மாடி வீட்டுக்காரர்கள் "பிரஷரே இல்லை" என்று புகார் சொன்னார்கள். மறுபடி கூட்டினார்கள். சென்சாரை மாற்றினார்கள். விஎஃப்டி விற்றவரைத் திட்டினார்கள். சர்வீஸ் பையன் சைட்டுக்குப் போய், பேனலைத் திறந்து, புதிய ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ரிப்போர்ட்டில் "சரி செய்யப்பட்டது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவான். அடுத்த வாரமே அதே வீட்டிலிருந்து போன்.

உள்ளே இருந்த கோட் இவ்வளவுதான். சென்சார் டாஸ்க் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அழுத்தத்தைப் படித்து, 64 இடம் உள்ள கியூவில் போடுகிறது. கன்ட்ரோல் டாஸ்க் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கியூவிலிருந்து ஒன்றை எடுத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டும் ஒரே வேகம். பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் கன்ட்ரோல் டாஸ்க் ஓடத் தொடங்கும் முன் விஎஃப்டியோடு மாட்பஸ் என்ற தொடர்பு முறையில் கைகுலுக்கிவிட்டுத்தான் தொடங்கும். கரண்ட் போய் வந்தால் போர்டும் விஎஃப்டியும் ஒன்றாகத்தான் எழுந்திருக்கும். விஎஃப்டி கண் விழிக்க மூன்று வினாடி ஆகும். அந்த மூன்று வினாடியும் சென்சார் டாஸ்க் சும்மா இருக்காதே. 64 இடத்தையும் நிரப்பி வைத்துவிடும். அதன் பிறகு வருவதும் போவதும் ஒரே வேகம் என்பதால் அந்தக் கியூ காலியாகவே ஆகாது. ரேஷன் கடை திறக்கும் முன்பே 64 பேர் நின்றுவிட்டால், அப்புறம் ஒருவர் போக ஒருவர் வர, மாலை வரைக்கும் வரிசை 64 பேராகவே இருக்குமே, அதே கதை.

64-ஐ 20-ஆல் பெருக்குங்கள். 1,280 மில்லிசெகண்ட். பிஐடி பார்த்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட 1.3 வினாடிக்கு முந்தைய அழுத்தத்தை. லூப்பில் அவ்வளவு தாமதம் இருந்தால் எந்தக் கெயினும் உருப்படாது.

பெஞ்சில் ஏன் தெரியவில்லை? அங்கே விஎஃப்டிக்கு எப்போதும் கரண்ட் இருக்கும். போர்டை மட்டும் ரீசெட் செய்வார்கள். கைகுலுக்கல் உடனே முடிந்துவிடும், கியூவில் எதுவும் சேராது. சர்வீஸ் பையன் சைட்டில் செய்ததும் அதேதான். ஃபர்ம்வேர் ஏற்றியதும் போர்டு மட்டும் ரீசெட் ஆனது, விஎஃப்டி விழித்தே இருந்தது. அடுத்த பவர்கட் வரைக்கும் எல்லாம் நலம்.

இதை நான் அறிவால் கண்டுபிடித்துவிடவில்லை. ஒவ்வொரு ரீடிங்கோடும் எடுத்த நேரத்தையும் சேர்த்துப் போட்டு, கன்ட்ரோல் டாஸ்க்கில் அதன் வயதைப் பிரின்ட் பண்ணச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, தொடக்கத்தில் தேங்கிய ரீடிங்குகள் கழிந்ததும் 1,270-க்கும் 1,280-க்கும் நடுவிலேயே எண்கள் வரிசையாக விழுந்தன. நெட்வொர்க் தாமதம் என்றால் ஏறி இறங்கும். இது அசையவே இல்லை. அசையாத தாமதத்தைப் பார்த்தால் கியூ நீளத்தால் வகுத்துப் பாருங்கள், பெரும்பாலும் டாஸ்க்கின் பீரியட்தான் விடையாக வரும்.

இதற்கு நடுவே அங்கே இருந்த ஒரு பையன் முந்திக்கொண்டு ஒரு வேலை செய்திருந்தான்.

"கியூ பத்தலைங்கண்ணா. ஸ்டார்ட் ஆகும்போது ஃபுல் எரர் வந்துச்சு. 256 ஆக்கிட்டேன், இப்ப வரதில்லைங்க."

"எரர் வரதில்லை சரி தம்பி. குழாய் உறுமுறது நின்னுச்சா?"

நிற்கவில்லை. அதிகமாகியிருந்தது. மூன்று வினாடியில் 150 ரீடிங் சேரும். 64 இடம் இருந்தபோது மிச்சம் 86 கீழே விழுந்தது, எரராவது காட்டியது. 256 இடம் கொடுத்ததும் 150-ம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தாமதம் மூன்று வினாடி ஆனது, எரரும் மறைந்தது. கியூ நிரம்பினால் பெரிதாக்கு என்பது பாதிப் பேருக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. யாரிடம் கற்றார்களோ தெரியவில்லை.

இந்தக் கோடில் எந்த வரியும் தவறு இல்லை. ஒரு மாடலின் பொருளை இன்னொரு மாடலின் குழாயில் ஊற்றியதுதான் தவறு. அழுத்தம் என்பது ஒரு நிலவரம். இப்போது எவ்வளவு என்பதுதான் வேண்டும், போன வினாடியின் அழுத்தம் யாருக்கும் வேண்டாம். கியூவின் குணமோ நேர்மாறு: போட்ட ஒவ்வொன்றும், போட்ட வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சத்தியம். அது தன் சத்தியத்தைக் காப்பாற்றியது, நம் பம்ப் உறுமியது.

திருத்தம் ஒரே வரி. ஒரே ஒரு இடம் உள்ள கியூ, அதில் பழையதன் மேலேயே புதியதை எழுதும் ஓவர்ரைட் வசதி. ஃப்ரீ ஆர்டிஓஎஸ்ஸிலேயே அது இருக்கிறது, மெயில்பாக்ஸ் என்று அதன் கையேடே சொல்கிறது. ஓவர்ரைட் ஃபங்ஷனால் எழுத வேண்டும், பீக் ஃபங்ஷனால் எடுக்காமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இதன் தலைகீழும் அதே போர்டில் இருந்தது. தண்ணீர் மீட்டர் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு பல்ஸ் தரும். பல்ஸ் வந்ததும் குறுக்கே ஓடும் இன்டரப்டில் "பல்ஸ் வந்தது" என்று ஒரு ஃப்ளாக்கை (ஆம்/இல்லை மட்டும் சொல்லும் குறி) ஒன்றாக்கி, மெயின் லூப்பில் அதைப் பார்த்துக் கணக்கில் ஒரு லிட்டர் கூட்டி, ஃப்ளாக்கைப் பூஜ்ஜியமாக்கினார்கள். மெயின் லூப் டிஸ்ப்ளேயை எழுதிக்கொண்டு கொஞ்சம் தாமதித்த நேரத்தில் இரண்டு பல்ஸ் வந்தால் ஒரு லிட்டர்தான் கணக்கில் ஏறும். நாள் முழுக்க ஓடினால் வித்தியாசம் பில்லில் தெரியும். பல்ஸ் என்பது நிகழ்வு. ஒன்றுகூடத் தொலையக் கூடாது. அதைப் போய் கடைசியாக எழுதியது மட்டும் மிஞ்சும் வேரியபிளில் போட்டிருந்தார்கள்.

ஆக, படத்தில் ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ஒரு கேள்வியைக் கேட்டு விடையை அங்கேயே எழுதிவிடுங்கள்: நடுவில் ஒன்று தொலைந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் நிலவரம், மெயில்பாக்ஸ் போதும். தொலையக் கூடாது என்றால் நிகழ்வு, கியூ வேண்டும். அது நிரம்பினால் என்ன செய்வது என்ற விடையும் கூடவே வேண்டும்.

விமானக்காரர்கள் இதை நம் நினைவாற்றலுக்கு விட்டுவைக்கவில்லை. ஏரிங்க் 653 என்ற தரநிலையில், ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் தனித்தனிப் பகுதிகள் பேசிக்கொள்ள அடிப்படையாக இரண்டு வகை போர்ட் உண்டு. சாம்ப்ளிங் போர்ட்டில் கடைசியாக வந்த செய்தி மட்டும் இருக்கும். கியூயிங் போர்ட்டில் எல்லாம் வரிசையாக இருக்கும். எது வேண்டும் என்று அறிவிக்காமல் போர்ட் திறக்கவே முடியாது. சாம்ப்ளிங் போர்ட்டில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு: இவ்வளவு நேரத்துக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ஒரு கெடு வைப்பார்கள், படிக்கும்போது அது செல்லுபடியானதா இல்லையா என்றும் சேர்ந்தே வரும். நம் போர்டில் சென்சார் டாஸ்க் செத்துப்போனால், மெயில்பாக்ஸில் கடைசி அழுத்தம் கல்வெட்டு மாதிரி நின்றுகொண்டே இருக்கும். எனவே மெயில்பாக்ஸுக்கு மாறும்போது அந்த நேர முத்திரையை எடுத்துவிடாதீர்கள். 100 மில்லிசெகண்டுக்கு மேல் பழையதென்றால் மோட்டாரை நிறுத்து என்று இரண்டு வரி எழுதுங்கள்.

நிகழ்வையும் கியூ இல்லாமல் அனுப்ப ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. "ஒரு லிட்டர் வந்தது" என்று அனுப்பாமல் "இதுவரை மொத்தம் 48,213 லிட்டர்" என்று அனுப்புங்கள். இன்டரப்ட் எண்ணிக்கொண்டே போகட்டும். வாங்குபவர் பழைய மொத்தத்தைக் கழித்துக்கொள்ளட்டும். நடுவில் பத்துச் செய்தி தொலைந்தாலும் பதினோராவது வந்ததும் கணக்கு நேராகிவிடும். நிகழ்வை நிலவரமாக மாற்றியாயிற்று. ரேடியோவில் அனுப்பும் மீட்டர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

கியூ என்றால் கணிதம் நிரூபித்த பாதுகாப்பு என்று ஒரு கூட்டம் நம்புகிறது. அவர்கள் சொல்ல வருவது ஜில் கான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1974-இல் வைத்த மாடலை. கியூவால் இணைந்த புரோசஸ்கள் எந்த வரிசையில் ஓடினாலும் விடை ஒன்றுதான் என்று அவர் காட்டினார். உண்மைதான். ஆனால் அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் கடுமையானவை. கியூவுக்கு எல்லை கிடையாது. காலியான கியூவைப் படித்தால் டேட்டா வரும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். காலியா இல்லையா என்று எட்டிப் பார்க்கவே கூடாது. நாம் டைம்அவுட்டைப் பூஜ்ஜியம் போட்டு, "இருந்தால் எடு, இல்லையென்றால் அடுத்த வேலையைப் பார்" என்று எழுதுகிற அந்த நொடியே அவருடைய உத்தரவாதம் காலாவதி. அப்புறம் விடை எந்த டாஸ்க் முதலில் ஓடியது என்பதைப் பொறுத்தது. அப்படி எழுதுவது தவறில்லை, பல இடத்தில் வேறு வழியும் இல்லை. கானின் பெயரைச் சொல்லி எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

## ஒரே சுற்றில் ஒரே இன்புட்டை மூன்று முறை படிப்பது

பிஎல்சி ஓட்டுபவர்களிடம் எம்பெடட் ஆட்களுக்கு ஒரு சின்ன இளக்காரம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒழுங்கு. பிஎல்சி சுற்றின் தொடக்கத்தில் எல்லா இன்புட்டையும் ஒரு முறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். லாஜிக் முழுவதும் அந்தப் பிரதியைத்தான் பார்க்கும். அவுட்புட் எல்லாம் கடைசியில் மொத்தமாக வெளியே போகும். ஒரு சுற்றுக்குள் உலகம் அசையாது.

நாமோ எங்கெங்கே தேவையோ அங்கங்கே பின்னைப் படிக்கிறோம். மோட்டார் லாஜிக்கில் ஃப்ளோட் சுவிட்ச் ஒரு முறை, அலாரம் லாஜிக்கில் இன்னொரு முறை, டிஸ்ப்ளேயில் மூன்றாவது முறை. தண்ணீர் அலையடிக்கும் மேல்மட்டத்தில் அந்தச் சுவிட்ச் நடுங்கிக்கொண்டே இருக்கும். விளைவு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்ப்ளே "டேங்க் ஃபுல்" என்று காட்டும். வாடிக்கையாளர் அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். நீங்கள் ஒரு வருஷம் டெஸ்ட் பண்ணினாலும் அது உங்கள் முன்னால் வராது.

இந்த ஒழுங்கையே ஒரு மாடலாக வளர்த்தவர்கள் 1980களில் பிரான்ஸில் இருந்தவர்கள். எஸ்டெரல், லுஸ்டர், சிக்னல் என்று மூன்று மொழிகள் அங்கே பிறந்தன. லுஸ்டரின் வழியில் வந்த ஸ்கேட் என்ற கருவியில்தான் ஏர்பஸ் விமானங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி எழுதப்படுகிறது. அந்த மொழிகளில் ஒரு சுற்றின் கணக்கு நேரமே எடுக்காது என்று பாவித்துக்கொள்வார்கள். நிஜத்தில் எடுக்கும். அடுத்த டிக் வருவதற்குள் முடிந்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் அந்தப் பாவனை பலிக்கும். நமக்கு மொழிகூட வேண்டாம். சியில் ஒரு ஸ்ட்ரக்ட், சுற்றின் தொடக்கத்தில் ஒரு காப்பி, லாஜிக் ஃபங்ஷன்களில் பின்னைத் தொடக் கூடாது என்று ஒரு கட்டளை. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லாஜிக் முழுவதையும் லேப்டாப்பில் கம்பைல் பண்ணி, சைட்டில் எடுத்த லாக்கை ஊட்டி, நடந்ததை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

## ஃப்ளாக்குகளை அடுக்கி ஸ்டேட் மெஷின் என்று பெயர் வைப்பது

ஆறு ஃப்ளாக் என்றால் 64 நிலை. உங்கள் பம்புக்கு இருப்பது நாலு. மிச்சம் 60-இல் அது என்ன செய்யும் என்று சொல்லுங்கள், பேசலாம்.

## பஃபர் அளவைக் குத்துமதிப்பாக வைப்பது

"1,024 வைத்திருக்கிறேன் சார், தாராளமாகப் போதும்." எதற்குப் போதும்?

ஏடிசி (சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு தடவைக்கு 64 சாம்பிள் தருகிறது, ஃபில்டர் ஒரு தடவைக்கு 48 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏடிசி மூன்று தடவை ஓடினால் 192. ஃபில்டர் நாலு தடவை ஓடினால் 192. இந்த மூன்றுக்கு நாலு என்ற கணக்கில் ஓடினால் பஃபர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும், எத்தனை வருஷம் ஓடினாலும் நிரம்பாது. மூன்று ஏடிசியையும் முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் நாலு ஃபில்டரை ஓட்டினால் 192 இடம் வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டினால் பஃபரில் 64, 16, 80, 32, 96, 48, 0 என்று போகும், 96 போதும். பேப்பரில் இரண்டு நிமிஷ வேலை. லீயும் மெஸ்ஸர்ஷ்மிட்டும் 1987-இல் வைத்த சிங்க்ரனஸ் டேட்டாஃப்ளோ என்ற மாடலின் சாரம் இந்தக் கணக்குதான். எத்தனை வருகிறது, எத்தனை போகிறது என்பது மாறாத எண்ணாக இருந்தால் பஃபர் அளவையும் ஓட்டும் வரிசையையும் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துவிடலாம்.

ஆடியோவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48-க்கு மாற்றும்போது 147 சாம்பிள் உள்ளே போனால் 160 வெளியே வர வேண்டும். விகிதத்தைக் கொஞ்சம் வட்டமாக்கிவிட்டு, "எப்போதாவது ஒரு முறை டிக் என்று சத்தம் வருகிறது" என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையிலும் ஒரு 1,024 பஃபர் இருந்தது. பெரிய பஃபர் அந்தச் சத்தத்தைத் தள்ளிப் போடும். நிறுத்தாது.

இரண்டு பக்கமும் வேறு வேறு கிரிஸ்டலில், அதாவது வேறு வேறு கடிகாரத்தில், ஓடினால் இந்தக் கணக்கும் உதவாது. இரண்டு கிரிஸ்டல் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடாது, பஃபர் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். அதற்கு வேறு வைத்தியம், இங்கே இடமில்லை.

## டிலேயைக் கடிகாரம் என்று நினைப்பது

10 மில்லிசெகண்ட் தூங்கி, 3 மில்லிசெகண்ட் வேலை செய்தால் உங்கள் பீரியட் 13. குறித்த நேரம் வரை மட்டும் தூங்கும் டிலே-அன்டில் என்று ஒன்று இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

## விடை கிடைத்ததும் வெளியே விடுவது

இதைச் சொன்னால் புதியவர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சீக்கிரம் கிடைத்ததைச் சீக்கிரம் கொடுத்தால் நல்லதுதானே என்பார்கள்.

கணக்கு ஒரு நாள் 4 மில்லிசெகண்டில் முடியும். இன்டரப்ட் மழை அடிக்கும் நாளில் 15 ஆகும். விடையை உடனுக்குடன் விஎஃப்டிக்கு அனுப்பினால் தாமதம் 4-க்கும் 15-க்கும் நடுவே ஆடும். பிஐடிக்கு இந்த அளவுச் சின்ன, நிலையான தாமதம் பெரிய தொல்லை இல்லை, கணக்கில் சேர்த்து டியூன் பண்ணிவிடலாம். ஆடும் தாமதம்தான் அதன் எதிரி. அதனால் விடையை எப்போது கண்டுபிடித்தாலும் கையில் வைத்துக்கொண்டு, பீரியட் முடியும் 20-ஆவது மில்லிசெகண்டில் மட்டும் வெளியே விடுங்கள். 2000களின் தொடக்கத்தில் பெர்க்லியில் தாமஸ் ஹென்ஸிங்கர் குழு செய்த ஜியாட்டோ என்ற மொழியின் அடிப்படையே இந்த ஏற்பாடுதான். பீரியட் தொடங்கும்போது இன்புட், முடியும்போது அவுட்புட். நடுவில் எப்போது வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்.

இதில் எனக்குப் பிடித்த பலன் வேறு. சிப்பை மாற்றினாலும் நடத்தை மாறாது. சிப் தட்டுப்பாடு வந்தபோது 72 மெகாஹெர்ட்ஸ் சிப் கிடைக்காமல் 168 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்குத் தாவியவர்களில் பலருடைய போர்டு, வேகம் கூடியதாலேயே கெட்டது. ஒரு டாஸ்க் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்து, அதுவரை தற்செயலாகச் சரியாக இருந்த வரிசை குலைந்துபோனது. அவுட்புட் நேரத்தைப் பீரியடோடு கட்டிப் போட்டிருந்தவர்கள் மறுபடி கம்பைல் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.

## பிரையாரிட்டியைக் கூட்டிப் பிழையை ஆற்றுவது

"எது முதலில் ஓட வேண்டும் என்ற பிரையாரிட்டியில் இந்த டாஸ்க்குக்கு ஒரு நம்பர் கூட வைத்தேன், சரியாகிவிட்டது." சரியாகவில்லை. ஒளிந்துகொண்டது. செவ்வாயில் இறங்கிய பிறகு பிரையாரிட்டிச் சிக்கலால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆன மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையை எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள், விடுகிறேன்.

## ஸ்டேட் மாறும்போது உள்ளே மிச்சம் இருப்பதை மறப்பது

நிஜத்தில் எந்த போர்டும் ஒரே மாடலில் ஓடாது. மேலே ஒரு ஸ்டேட் மெஷின் இருக்கும்: நின்றிருக்கிறது, தொடங்குகிறது, ஓடுகிறது, கோளாறு. ஓடுகிறது என்ற ஸ்டேட்டுக்குள் டேட்டாஃப்ளோ இருக்கும்: சென்சார், ஃபில்டர், பிஐடி, விஎஃப்டி. இந்த ஏற்பாடு நல்லதுதான். இரண்டும் சந்திக்கும் வாசலில்தான் சறுக்கல்.

ஃபில்டரில் 32 ரீடிங்கின் சராசரி எடுக்கிறீர்கள், 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று. பம்ப் நிற்கும்போது ஃபில்டரும் நிற்கிறது. அதன் வயிற்றில் கடைசி 32 ரீடிங்கும் அப்படியே இருக்கின்றன, எல்லாம் குழாய் நிறைய அழுத்தம் இருந்த நேரத்தில் எடுத்தவை. ராத்திரி முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் காலையில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். அழுத்தம் விழுகிறது, ஸ்டேட் மாறுகிறது, ஆனால் ஃபில்டர் இன்னும் 640 மில்லிசெகண்டுக்கு நேற்றைய அழுத்தத்தைக் கலந்தே சொல்லும். பிஐடியின் இன்டெக்ரலும் (இதுவரை சேர்ந்த வித்தியாசத்தின் கூட்டுத்தொகை) நேற்று நின்ற இடத்திலிருந்தே தொடங்கும். மோட்டார் தயங்கித் தயங்கி எழும், அப்புறம் தேவைக்கு மேல் பாயும்.

ஸ்டேட் மெஷினின் படமான ஸ்டேட்சார்ட்டில் அம்பு உள்ளே நுழையும் இடத்தில் எதை அழிக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்தப் பம்புக்கு அந்தப் பட்டியல் சின்னது. உள்ளே நுழைந்ததும் எடுக்கும் முதல் ரீடிங்கால் ஃபில்டரின் 32 இடத்தையும் நிரப்பு. பூஜ்ஜியத்தால் நிரப்பினால் மோட்டார் பயந்துபோய் முழு வேகத்தில் எழும். பிஐடியின் இன்டெக்ரலை விஎஃப்டி இப்போது ஓடும் வேகத்துக்குப் பொருத்து. நேர முத்திரைகளைப் புதுப்பி. மொத்த லிட்டர் கணக்கைத் தொடாதே.